ஐயம் தீர்ந்த பின்னரே உணவு: யோகான் கெரார்டு கோனிக்

நுழையும்முன்

மழை ஓய்ந்த மறுநாள் மண்ணைப் பிளந்துகொண்டு குடை விரிக்கும் காளான் உணவாகவும் ஆகும், நஞ்சாகவும் ஆகும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்து, இம்மண்ணின் காளானையும் கறையான் புற்றையும் கறிவேப்பிலையையும் உலக அறிவியல் ஏட்டில் இடம்பெறச் செய்த மருத்துவர் ஒருவரின் வாழ்க்கை, இவ்வினாவுக்கு விடை காண நமக்கு உதவுகிறது.

ஒரே கரை, பல துறைகள்

தமிழகத்தின் வடகோடியில் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரியையும் கடலையும் ஒருசேர நம்பி வாழும் பசியாவரம் முதலிய மீனவச் சிற்றூர்கள் அந்நீர்ப்பரப்பை ஒட்டி அமைந்துள்ளன. வலையைக் கரைக்கு இழுத்து மீனைத் தரம்பிரிக்கும் மீனவர், குவியலில் பேத்தை மீன் கிடக்கக் கண்டால் அதனை ஒதுக்கிவிடுவர். அச்சம் வந்தால் தன் உடலைப் பந்துபோல் உப்பச் செய்யும் அம்மீனின் ஈரலிலும் சினையிலும் கொடிய நஞ்சு உண்டு. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. மீனவரின் இவ்வறிவு ஒருநாளில் வந்ததன்று. சிறுவயது முதல் பெரியோருடன் கடலுக்குச் சென்று, ஒரே மீனைப் பலநூறு முறை கையிலெடுத்துப் பார்த்துப் பழகியதால் வந்தது.

கடல் மீனைப் பற்றிப் பரதவரிடம் உள்ள தெளிவு, காட்டுக் காளானைப் பற்றி நம்மில் பலரிடம் இல்லை. காளான் ஆண்டு முழுவதும் கண்ணில் படுவதன்று. சில நாள்களே தோன்றி மறையும் அதனைப் பழகி அறியும் வாய்ப்பும் குறைவு. எனவேதான், அதனை முறைப்படி உற்றுநோக்கிப் பதிவு செய்தோரின் உழைப்பு நமக்கு இன்றியமையாததாகிறது.

அத்தகைய உழைப்பின் தொடக்கம் இதே கீழைக் கடற்கரையில்தான் நிகழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வாணிகத்தின் பொருட்டு ஐரோப்பியர் இக்கரையின் துறைகளில் கோட்டைகளை எழுப்பினர். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். தெற்கே தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் குடியேறினர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழ் கற்றதும், பின்னர் அச்சுக்கூடம் அமைத்ததும் இத்தரங்கம்பாடியிலேயே ஆகும். அதே ஊருக்கு 1768இல் ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். அவரே யோகான் கெரார்டு கோனிக்.

இளமையும் கல்வியும்

கோனிக் 1728 நவம்பர் 29ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த லிவோனியாப் பகுதியில் பிறந்தார். அவர் பிறந்த இடம் இன்று லாட்வியா நாட்டில் உள்ளது. மருத்துவத்திலும் மூலிகைகளிலும் ஈடுபாடு கொண்ட அவர், 1757இல் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் லின்னேயசிடம் மாணவராகச் சேர்ந்தார்.

லின்னேயஸ் அக்காலத்தில் உயிரியல் உலகின் பேராசானாக விளங்கியவர். ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயரை வழங்கும் முறையைத் தாவரங்களுக்கு 1753இல் நிலைநாட்டியவர். ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயரும், ஒரே பெயரில் பல செடிகளும் வழங்கிய குழப்பத்தை அம்முறை நீக்கியது.

லின்னேயசின் மாணவர் கற்ற முதற்பாடம், கண்டவுடன் பெயர் சொல்லாதிருத்தல் ஆகும். செடியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணவும் அளக்கவும் வேண்டும். கண்டதைக் கண்டபடியே எழுத வேண்டும். பின்னர்ச் செடியை உலர்த்தித் தாளில் பொருத்தி, அது கிடைத்த இடத்தைக் குறிக்க வேண்டும். தன் முடிவைப் பிறர் சரிபார்க்கும் வகையில் அம்மாதிரியைக் காத்து வைக்க வேண்டும். இப்பயிற்சி கோனிக்கின் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணைநின்றது.

1759 முதல் 1767 வரை அவர் டென்மார்க்கில் வாழ்ந்தார். அக்காலத்தில் பனி சூழ்ந்த ஐசுலாந்துத் தீவுக்குச் சென்று அதன் தாவரங்களை ஆராய்ந்தார். அங்குக் கிடைத்த மிகச் சிறிய செடியொன்றுக்கு லின்னேயஸ் தம் மாணவரின் பெயரால் கோனிகியா என்று 1767இல் பெயர் சூட்டினார். மிதித்துக் கடந்துவிடக்கூடிய அளவினதாகிய அச்செடியையும் தவறவிடாத கண்கள் கோனிக்குக்கு இருந்தன.

தரங்கம்பாடி மருத்துவர்

தரங்கம்பாடியின் சமயப்பணி அமைப்புக்கு மருத்துவர் தேவைப்பட்டார். அப்பணியை ஏற்ற கோனிக் 1767இல் கப்பலேறினார். வழியில், 1768 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கப்பல் தங்கியபோது, அங்குள்ள மலைப்பகுதிகளில் செடிகளைத் திரட்டினார். அவ்வாண்டிலேயே தரங்கம்பாடியை அடைந்தார்.

பனி நிலத்தில் பயின்ற கண்களுக்குத் தஞ்சை மண்ணின் தாவரங்கள் முற்றிலும் புதியன. வயலும் வாய்க்காலும், உப்பங்கழியும் மணல்மேடும், பனந்தோப்பும் முட்புதரும் அவருக்குப் பாடநூல்களாயின. நோயுற்றோரைப் பார்த்த பின் எஞ்சிய பொழுதில் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டினார். உலர்த்திய மாதிரிகளும் விளக்கக் குறிப்புகளும் மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து உப்சாலாவில் இருந்த ஆசிரியரைச் சென்றடைந்தன.

சமயப்பணியாளருள் சிலரும் இவ்வாராய்ச்சியில் ஆர்வம் கொண்டனர். செடிகளைத் திரட்டித் தமக்குள் பகிர்ந்து, கூடிப் பேசிப் பெயர் முடிவு செய்யும் ஒரு குழு தரங்கம்பாடியில் உருவாயிற்று. 1776இல் அங்கு வந்த ராட்லர் அக்குழுவினருள் ஒருவர். தாவரங்களைத் தேடித் திரட்டிய அவரே, பிற்காலத்தில் தமிழ்ச் சொற்களையும் திரட்டித் தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. செடியை அதன் உறுப்புகளால் அறிந்து பெயரிடுதலும் சொல்லை அதன் பொருளால் அறிந்து வரிசைப்படுத்துதலும் ஒரே பொறுமையை வேண்டி நிற்கும் பணிகளல்லவா?

1771இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில், கோனிக் அனுப்பிய இந்தியத் தாவரங்கள் பல இடம்பெற்றன. தமிழர் சமையலில் நாள்தோறும் தாளிக்கப்படும் கறிவேப்பிலை அவற்றுள் ஒன்று. அதன் அறிவியல் பெயரின் பிற்பகுதி கோனிகி என்பதாகும். பேரினப் பெயரை அறிஞர்கள் பின்னர் மாற்றியமைத்தபோதும், கோனிக்கின் நினைவைத் தாங்கிய அப்பகுதி மாறவில்லை.

உலக்கை வடிவக் காளான்

அதே 1771ஆம் ஆண்டு நூலில் இந்தியக் காளான் ஒன்றும் இடம்பெற்றது. கோனிக் இங்கிருந்து அனுப்பிய மாதிரியைக் கொண்டு லின்னேயஸ் அதனை விளக்கினார். அறிவியல் முறைப்படி பதிவான இந்தியக் காளான்களுள் மிகப் பழையது அதுவே. வறண்ட, வெப்பமான நிலங்களில், பெரும்பாலும் கறையான் புற்றுகளின்மீது முளைப்பது அது. நீண்ட காம்பின்மேல் முட்டை வடிவான மூடிய தலையுடன் நிமிர்ந்து நிற்கும். உலக்கை போன்ற அத்தோற்றத்தால், உலக்கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயராயிற்று. இன்று அது போடாக்சிஸ் பிஸ்டில்லாரிஸ் என்று அழைக்கப்படுகிறது.

இக்காளானின் வரலாறு நமக்கு ஓர் அரிய பாடத்தைக் கற்பிக்கிறது. இதன் தலை மற்றக் காளான்களைப்போல் குடையாக விரிவதில்லை. உள்ளே இருக்கும் வெண்சதை, முதிர முதிரக் கருந்தூளாக மாறுகிறது. ஆகவே லின்னேயஸ் இதனை, பந்துபோல் உருண்டு முதிர்ந்தபின் புகைபோலத் தூளை உமிழும் காளான்களின் இனத்தில் சேர்த்தார். பிற்கால அறிஞர்கள் அவ்வினத்திலிருந்து இதனைப் பிரித்தனர். நம் காலத்தில் நடந்த மரபணு ஆய்வுகளோ, விரிகுடைக் காளான்கள் பலவற்றுடன் இது நெருங்கிய உறவுடையது என்று காட்டின. பெயரிடுவதில் பேரறிஞரான லின்னேயசின் முடிவையே வெளித்தோற்றம் திசைமாற்றியது எனில், புதிதாகக் கற்கத் தொடங்குவோர் எத்துணைக் கருத்துடன் இருத்தல் வேண்டும்!

அம்முடிவு திருத்தப்பட்டதற்கு அடிப்படையாக அமைந்தது, அறிஞர்கள் மாதிரிகளைப் பாதுகாத்து வைத்த வழக்கமே ஆகும். சான்று கையில் இருந்தால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஏட்டில் நேர்ந்த பிழைக்கு இவ்வாறு மாற்று உண்டு; உணவுத்தட்டில் நேரும் பிழைக்கு அஃது இல்லை.

கறையான் புற்றின் உள்ளே

கோனிக் புற்றின் வெளிப்புறத்தோடு நின்றுவிடவில்லை. கறையானின் வாழ்க்கையை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. கறையான் புற்றுக்குள் காளான் வளர்வதை முதன்முதலில் குறிப்பிட்டவர் அவரே என்று ஆய்வாளர்கள் அவரைப் போற்றுகின்றனர்.

சிலவகைக் கறையான்கள் உண்மையில் உழவுத்தொழில் செய்கின்றன. மரத்துண்டுகளையும் சருகுகளையும் தின்று, அரைகுறையாகச் செரித்த அப்பொருளால் புற்றுக்குள் தேனடை போன்ற அடுக்குகளைக் கட்டுகின்றன. அவ்வடுக்குகளில் காளானின் நுண்ணிழைகள் படர்கின்றன. சிறு வெண்மணிகள் போன்ற முடிச்சுகள் தோன்றுகின்றன. அவற்றைக் கறையான்கள் உண்கின்றன. மழை பெய்து மண் நெகிழும் பருவத்தில், அதே காளான் ஆழத்திலிருந்து நீண்ட வேர்போன்ற அடியை விட்டு மேலெழுந்து நிலத்தின்மேல் குடை விரிக்கிறது. நம் ஊர்ப்புறத்தார் புற்றுக்காளான் என்று விரும்பி உண்பது இதனையே.

ஈசலை மக்கள் உணவாகக் கொள்ளும் முறையையும் கோனிக் அக்கட்டுரையில் குறித்துள்ளார். புற்றில் காற்றுவீசும் பக்கம் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு துளையும் இடுவர். ஒரு துளையில் புகைமூட்டி, மறு துளையில் வைத்த பானையில் ஈசல்களை விழச் செய்வர். நூலறிவு மட்டும் கொண்டவர் இதனை எழுதியிருக்க இயலாது. இந்நிலத்து மக்களிடம் கேட்டும் அவர்கள் செய்வதைக் கண்டும் அறிந்த செய்தி இது. ஆயினும், அறிவை வழங்கிய அம்மக்கள் பெயரின்றியே நிற்கின்றனர். கேட்டு எழுதியவரின் பெயரைப் போற்றும்போது, சொல்லிக் கொடுத்தவர்களையும் நாம் நன்றியுடன் நினைத்தல் கடன்.

தெரியுமா?

சங்க இலக்கியத்தில் காளான், ஆம்பி என்னும் பெயரால் சுட்டப்படுகிறது. நெடுநாள் சமையல் நிகழாத வறியவர் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடந்ததைப் புறநானூறு காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படையிலும் வறுமையைக் காட்டும் காட்சியில் காளாம்பி இடம்பெறுகிறது.

ஒத்த தோற்றம், வேறான இயல்பு

ஒரே புற்றின்மீது உலக்கைக் காளானும் முளைக்கும், புற்றுக்காளானும் முளைக்கும். புற்றுக்கு அருகில் உள்ள புல்தரையில் நச்சுக்காளானும் முளைக்கக்கூடும். ஆகையால் முளைத்த இடம் ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

மக்களிடையே வழங்கும் சோதனைகள் பலவும் நம்பத்தக்கன அல்ல. வெள்ளிக் காசோ பூண்டோ இட்டுக் கொதிக்க வைத்தால் நச்சுக்காளான் நிறம் மாற்றிக் காட்டும் என்பர். பூச்சி அரித்த காளான் மனிதருக்கும் தீங்கற்றது என்பர். வெள்ளை நிறமுடையது நல்லது என்பர். மஞ்சளும் புளியும் சேர்த்து நன்கு வேகவைத்தால் நஞ்சு முறியும் என்பர். இவை யாவும் தவறானவை. உலகில் மிகுதியான உயிர்களைப் பறித்த அமானிட்டா இனத்து நச்சுக்காளான்களுள் தூய வெண்ணிறம் உடையனவும் உண்டு. பூச்சியும் நத்தையும் தின்பனவும் உண்டு. அவற்றின் நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை.

அந்நஞ்சு செயற்படும் விதம் வஞ்சனையானது. உண்டவுடன் எதுவும் தெரிவதில்லை. ஆறு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்னர் அவை தணிந்து உடல்நலம் தேறியதுபோல் தோன்றும். அந்நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமின் மேற்பகுதியில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த 13 பேர் நச்சுக்காளானை உண்டு இறந்தனர். உணவுக்காகக் காளான் பறிக்கும் வழக்கமுடைய மக்களுக்கே இவ்வாறு நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

அவ்வாறாயின் தொடக்கநிலையில் உள்ளோர் செய்யத்தக்கது யாது? கோனிக் பயின்ற முறையே இதற்கு வழிகாட்டும். காளானைக் கிள்ளி எடுக்காமல் அடிமண்ணோடு தோண்டி எடுத்தல் வேண்டும். ஏனெனில் அமானிட்டாக் காளான்கள் பலவற்றின் அடையாளமாகிய கிண்ணம் போன்ற உறை, காம்பின் அடியில் மண்ணுக்குள் மறைந்திருக்கும். கிள்ளி எடுப்பவர் கண்ணில் அது படாது. புற்றுக்காளானின் நீண்ட வேர்போன்ற அடியும் அவ்வாறே தோண்டினால்தான் தெரியும்.

அடுத்து, குடையின் உச்சி கூர்மையானதா தட்டையானதா, காம்பில் வளையம் உண்டா, குடையின் அடியில் விசிறி மடிப்புபோல் அமைந்த செவுள்கள் எந்நிறத்தன என்பவற்றைத் தனித்தனியே நோக்க வேண்டும். பின்னர்க் குடையை மட்டும் அறுத்து, செவுள்கள் கீழ்நோக்கி இருக்குமாறு தாளின்மேல் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டுவைத்தால் அதன் வித்துத்தூள் தாளில் படியும். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாள் இதற்கு ஏற்றது. வெண்தூளும் கருந்தூளும் அதில் ஒருங்கே புலப்படும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு நிறமுடையது. அமானிட்டாவின் தூள் வெண்மையானது. மழைக்குப்பின் புல்தரையில் வட்டமாக முளைத்து, உண்டோரைக் கடும் வாந்திக்கு உள்ளாக்கும் பெருங்குடைக் காளான் ஒன்றின் தூளோ பசுமை படர்ந்தது. அக்காளானின் செவுள்கள் இளமையில் வெண்மையாகவே இருப்பதால், தூளைப் பாராதவர் எளிதில் ஏமாறுவர்.

இவ்வடையாளங்களுள் எந்த ஒன்றும் தனித்து நின்று, இதனை உண்ணலாம் என்று உறுதி கூறாது. அனைத்தும் சேர்ந்து காளானின் பெயரைக் காட்டும். பெயர் உறுதியான பின்னரே அதன் இயல்பை அறிய இயலும். அதன்பின்னும், அவ்வட்டாரக் காளானைப் பல பருவங்களாகப் பழகி அறிந்த ஒருவரோ, காளானியல் வல்லுநரோ ஒவ்வொரு காளானையும் நேரில் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். சிறிதளவு ஐயம் எஞ்சினும் உண்ணாது விடுதலே அறிவுடைமை. அறியாது உண்டுவிட்டால், நோயின் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். எஞ்சிய காளானையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவர் நஞ்சின் வகையை உணர அது துணைபுரியும்.

நவாபின் அவையிலும் கும்பினியின் பணியிலும்

கோனிக்குக்கு 1773இல் கோபனேகன் பல்கலைக்கழகம் மருத்துவர் பட்டம் வழங்கியது. மறு ஆண்டில் அவர் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் இயற்கை ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். நீண்ட ஆய்வுப் பயணங்களை மேற்கொள்ள அப்பணி வாய்ப்பளித்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள மலைகளுக்கும் இலங்கைக்கும் அவர் சென்றுவந்தார்.

1778இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி அவரைத் தன் இயற்கை ஆய்வாளராக அமர்த்தியது. வாணிகத்துக்குப் பயன்படும் தாவரங்களையும் கனிமங்களையும் கண்டறிந்து சொல்வது அவர் கடமை. கும்பினி விரும்பியது ஆதாயம். கோனிக் தேடியது அறிவு. ஆதாயம் தரும் பொருளோடு தராத பொருளையும் அவர் ஒரே கவனத்துடன் குறித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் புறப்பட்டுச் சயாம் நாட்டுக்கும் மலாக்காவுக்கும் சென்று 1780 வரை ஆராய்ந்தார். இஞ்சிக் குடும்பத் தாவரங்களையும் மரங்களில் தொற்றிவளரும் ஆர்க்கிட் செடிகளையும் பற்றி அவர் எழுதிய விரிவான விளக்கங்களைச் சுவீடன் நாட்டு அறிஞர் ரெட்சியஸ் வெளியிட்டார். உலர்ந்தால் வடிவிழந்துபோகும் அம்மலர்களை, உயிருடன் இருக்கும்போதே பார்த்து எழுதியது அவ்விளக்கங்களின் தனிச்சிறப்பாகும். காளானும் அத்தகையதே. வாடிய பின் அதன் நிறமும் வடிவும் மாறிவிடும். புதிதாக இருக்கும்போதே பார்த்துக் குறித்தல் வேண்டும்.

இறுதிப் பயணம்

1784இல் கோனிக் கல்கத்தாவை நோக்கிப் பயணம் மேற்கொண்டார். வழியில் விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரசல் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். இயற்கை ஆராய்ச்சி இருவரையும் நண்பராக்கியது. அதன்பின் கோனிக்கைச் சீதபேதி நோய் பற்றியது. சாமல்கோட்டையில் பணியாற்றிய இளம் மருத்துவரும் தாவரவியலாருமாகிய வில்லியம் ராக்சுபரோ அவருக்கு மருத்துவம் செய்தார். ஆயினும் நோய் தணியவில்லை. 1785 சூன் 26ஆம் நாள், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் கோனிக் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 56.

தாம் எழுதிய குறிப்புகளையும் கையெழுத்துப் படிகளையும் இலண்டனில் வாழ்ந்த அறிஞர் சோசப் பேங்க்சுக்கு உரிமையாக்கிச் சென்றார். கோனிக் தம் பெயரில் பெருநூல் எதனையும் வெளியிடவில்லை. அவர் திரட்டியவற்றைப் பிறரே நூல்களில் எழுதினர். அவருடைய சயாம் பயணக் குறிப்புகள் அச்சேறியதும் அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின், 1894இல்தான்.

தொடர்ந்த பணி

கோனிக்கின் மறைவுக்குப்பின் கும்பினியின் இயற்கை ஆய்வாளர் பொறுப்பு பாட்ரிக் ரசலை வந்தடைந்தது. காளானில் நாம் கேட்ட அதே வினாவை அவர் பாம்பில் கேட்டார். நச்சுப்பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் மக்கள் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்னும் நோக்குடன், சோழமண்டலக் கரைப் பாம்புகளை வண்ணப்படங்களுடன் விளக்கும் நூலை 1796இல் வெளியிட்டார். கோனிக்கின் நட்பால் பயன்பெற்ற ராக்சுபரோ, இந்தியத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதினார்.

காளான் ஆய்வும் நின்றுவிடவில்லை. புற்றுக்காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்னும் பெயரை 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோசே ஏம் வழங்கினார். அவ்வினத்தைச் சேர்ந்த தமிழகக் காளான் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நடராசன் 1979இல் புதிதாக விளக்கி, அதற்கு ஏம் அவர்களின் பெயரைச் சூட்டினார். கோனிக் புற்றுக்குள் கண்ட காளானின் உறவு, இரு நூற்றாண்டுகள் கழித்துத் தமிழக அறிஞர் ஒருவரால் முறையான பெயர் பெற்றது.

கோனிக்கின் வாழ்க்கை, அறிதலில் விரைவு கூடாது என்பதை உணர்த்துகிறது. அவர் கண்டதை முழுமையாகக் கண்டார், உள்ளூர் மக்களிடம் கேட்டார், மாதிரியைக் காத்தார், தம்மினும் அறிந்தவரிடம் அனுப்பி உறுதிசெய்துகொண்டார். பசியாவரத்து மீனவர் பேத்தை மீனை ஒதுக்கும் தெளிவும், தரங்கம்பாடி மருத்துவர் காளானை விளக்கிய தெளிவும் வேறுவேறு வழிகளில் வந்தவை. பழகி அறிதல் ஒன்று. ஆராய்ந்து அறிதல் மற்றொன்று. இவ்விரண்டும் கைகூடாதவிடத்து, காளானைக் கண்ணால் கண்டு மகிழ்ந்து, இருந்த இடத்திலேயே விட்டுச்செல்லுதல் நலம்.

கற்பவை கற்றபின்

1. கடையில் வாங்கிய, குடை விரிந்த சிப்பிக்காளானின் வித்துத்தூளைக் கருநிறத் தாளில் படியச் செய்து, அதன் நிறத்தையும் படிந்த வடிவத்தையும் குறிப்பெழுதுக.

2. உங்கள் ஊரில் மீன், கீரை, கிழங்கு ஆகியவற்றுள் உண்ணத்தகாதவற்றைப் பெரியோர் எவ்வாறு அடையாளம் காண்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து, சொன்னவரின் பெயருடன் பதிவு செய்க.

3. காளான் பற்றி உங்கள் பகுதியில் வழங்கும் நம்பிக்கைகளைத் தொகுத்து, அவற்றுள் எவை தீங்கு விளைவிப்பன என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.